ரப்பனாவை அதன் நேரத்துக்குத் திருப்பிக் கொடுங்கள்

ஈரான் அரசு வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கும், பண்பாடு மற்றும் இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகத்தில் இசைக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

2025 செப்டம்பரில் உங்கள் பாடகர் ஹுமாயூன் ஷஜரியான் டெஹ்ரானின் ஆசாதி சதுக்கத்தில் மக்களுக்கு இலவசமாகப் பாடுவதாக இருந்தது. அமைச்சகம் சம்மதித்திருந்தது. கடைசி நேரத்தில் மேடைச் சாமான்களைச் சதுக்கத்துக்குள் கொண்டுபோக விடவில்லை என்று அவரே சொன்னார். ஏற்பாடு செய்ய நேரம் போதவில்லை என்றது நகராட்சி. கச்சேரி நடக்கவில்லை. அவருடைய தந்தை முகம்மது ரெஸா ஷஜரியானுக்குக் கடைசிப் பத்தாண்டு முழுக்கச் சொந்த நாட்டில் மேடை கிடைக்கவில்லை. இப்போது மகனுக்கும் அதே கதை. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. தந்தை ஓதிய ‘ரப்பனா’ என்ற குர்ஆன் துஆவை நோன்பு திறக்கும் நேரத்தில் மறுபடி ஒலிபரப்புங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் ஈரானியன் அல்ல. சொந்த ஊர் தமிழ்நாட்டின் கீழக்கரை, பிழைப்பு துபாயில். கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். சொந்த நாட்டில் பாட முடியாத, அல்லது பாடுவதற்கு அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன உங்கள் பாடகர்கள் கடல் தாண்டி இங்கே வந்து பாடுகிறார்கள். அவர்களுக்கு மைக் வைப்பதும், கச்சேரி முடியும்வரை மிக்சரில் உட்கார்ந்திருப்பதும் நான். அந்த மேடைகளில் பழகிப் பழகி உங்கள் மொழியும் ஓரளவு காதில் ஏறிவிட்டது. உங்கள் தடை எனக்குச் சம்பளமாக வருகிறது. அந்தப் பணத்தை வாங்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. எங்கள் உள்நாட்டு விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்டால் இதுதான் என் பதில். இன்னொரு பதிலும் உண்டு. ஈரானிய இசையில் குரு வழியாக வரும் பழைய உருப்படிகளின் தொகுப்பான ரதீஃபை 2009ல் யுனெஸ்கோவின் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது உங்கள் நாடுதான். மனிதகுலம் என்றால் கீழக்கரைக்காரனும் அதில் சேர்த்திதானே.

இந்த இசைக்கு ஒலி அமைப்பது எவ்வளவு சிரமம் என்று சொன்னால்தான் நீங்கள் எதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்பது விளங்கும். குச்சியால் தட்டி வாசிக்கும் சந்தூரில் 72 தந்திகள். வாசிப்பவர் சுருதி கூட்டி முடிக்கும்வரை மண்டபத்தில் குளிரூட்டியைக்கூடக் கூட்டிக் குறைக்க விடமாட்டார், தந்தி இறங்கிவிடும். ஆவாஸ் என்கிற, நம் விருத்தம் போன்ற பாட்டு தொடங்கினால் தாளம் இல்லை. பாடகர், பழைய கவிஞர் ஹாஃபிஸின் ஒரு அடியை எடுத்து, கீழே, ஏறக்குறையப் பேச்சுக் குரலில் ஆரம்பிப்பார். வில்லால் வாசிக்கும் கமாஞ்சே அவர் விட்ட இடத்தைப் பிடித்துப் பதில் சொல்லும். கூஷே என்கிற ஒரு சிறு மெட்டிலிருந்து அடுத்ததற்கு ஏறி ஏறி, உச்சிக்குப் போனதும் தஹ்ரீர் வெடிக்கும். இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அது நம் பிருகாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் குரல் ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே ஒரு கணம் உடைந்து மறுபடி சேர்கிறது. மற்ற கச்சேரிகளுக்குப் போடுவதுபோல், ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் கம்ப்ரஸரைப் போட்டால் அந்த உடைவு மழுங்கிப் போகும். அதனால் அதை அணைத்துவிட்டு, பாடகரின் தாடையைப் பார்த்தபடி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையால் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஒரு கணம் கவனம் பிசகினால் ஸ்பீக்கர் அலறிவிடும். நான் வேலை செய்த எந்த இசையிலும் இவ்வளவு உன்னிப்பாக இருக்க வேண்டி வந்ததில்லை.

ஷஜரியானுக்கு மைக் வைக்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் இங்கே வந்த பாடகர்களில் அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதவர் ஒருவரும் இல்லை. அவர் வாழ்க்கை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உங்கள் முன் வரிசையாக எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் உங்கள் முடிவுக்கு எதிரான சாட்சி அந்த வாழ்க்கையில்தான் இருக்கிறது.

1940ல் மஷ்ஹதில் பிறந்தார். தந்தை குர்ஆன் ஓதுபவர். பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே ஓதக் கற்றுக்கொடுத்தார். இசை மட்டும் அந்த வீட்டுக்கு ஆகாது. வானொலியில் பாடத் தொடங்கியபோது தந்தையின் காதுக்குப் போகக் கூடாதென்று ‘சியாவஷ் பீத்கானி’ என்ற வேறு பெயரில் பாடினார். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். டெஹ்ரானுக்கு வந்த பிறகு, புகழ் தேடி வந்துவிட்டது என்று அவர் ஓயவில்லை. முதிர்ந்த வயதில் இருந்த அப்துல்லா தவாமியிடம் போய் உட்கார்ந்து பழைய உருப்படிகளை வாய்ப்பாடமாக வாங்கிக்கொண்டார். நூர் அலி பொருமந்திடம் படித்தார். ஃபராமர்ஸ் பாய்வரிடம் சந்தூர் கற்றார். பாடகர் எதற்குச் சந்தூர் அடிக்க வேண்டும் என்று கேட்கலாம். அதுதான் அவர் சிரத்தை. பிற்காலத்தில் தானே புதிய கருவிகளைச் செய்து கச்சேரிகளில் வாசிக்கவைத்தார், அழகெழுத்திலும் தேர்ந்தார்.

1978 செப்டம்பர் 8 அன்று, அப்போதைய மன்னர் ஷாவின் படை டெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் மக்களைச் சுட்டது. ஷஜரியானும் அவருடைய தோழர்களும் அரசு வானொலி வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார்கள். மக்களைச் சுடுகிறவனின் வானொலியில் பாட மாட்டோம் என்று வந்தவர்கள் அவர்கள். ஷாவை வீழ்த்திய உங்கள் புரட்சி அதை ஏற்றுக்கொண்டது, பெருமையாகவும் நினைத்தது.

அடுத்த ஆண்டு, 1979ல், வானொலி ஸ்டுடியோவில் அவர் ‘ரப்பனா’வைப் பாடினார். ஒலிபரப்புக்காகக்கூட அல்ல, பாட வந்த மாணவர்களுக்கு இப்படி ஓத வேண்டும் என்று மாதிரி காட்டப் பாடியது. அந்தப் பதிவுதான் காற்றில் ஏறி, முப்பது ரமலான்கள் நோன்பு திறப்புக்கு முன்னால் ஒலித்தது. அதில் இருப்பவை குர்ஆனின் நான்கு வசனங்கள். நேர்வழி காட்டிய பின் எங்கள் உள்ளங்களைத் தடம் புரளச் செய்யாதே என்று கேட்கும் ஆலஇம்ரான் அத்தியாயத்தின் வசனம். மன்னித்து அருள் செய் என்று கேட்கும் முஃமினூன் வசனம். குகையில் ஒதுங்கிய இளைஞர்கள் கேட்ட துஆ. பொறுமையைச் சொரிந்து எங்கள் பாதங்களை உறுதியாக்கு என்ற பகராவின் வசனம். இந்த நான்கில் எந்தச் சொல் அரசுக்கு விரோதம்?

2009 தேர்தலுக்குப் பிறகு நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. தெருவில் இறங்கியவர்களை அன்றைய அதிபர் குப்பை கூளம் என்றார். அப்படியானால் என் குரல் அந்தக் குப்பை கூளத்தின் குரல் என்றார் ஷஜரியான். தன் நாட்டுப்பற்றுப் பாடல்களை ஒலிபரப்ப வேண்டாம் என்று உங்களுக்கு எழுதினார். துப்பாக்கியைக் கீழே போடு என்று ஒரு பாட்டும் பாடினார். 1978ல் செய்ததைத்தான் 2009லும் செய்தார். மனிதர் மாறவில்லை, எதிரில் இருந்த அரசுதான் மாறியிருந்தது. அதற்குத் தண்டனையாக ரப்பனாவை எடுத்தீர்கள், கச்சேரிகளை நிறுத்தினீர்கள்.

அவரேதான் ஒலிபரப்ப வேண்டாம் என்றார் என்று உங்கள் தரப்பில் பலமுறை சொல்லிவிட்டீர்கள். அது முழு உண்மை அல்ல. பாடல்களைத்தான் வேண்டாம் என்றார். ரப்பனாவை அந்தக் கோரிக்கையிலிருந்து விலக்கி வைத்தார், அது மக்களின் நோன்புக்கு உரியது என்பதால். தந்தவர் திரும்பக் கேட்காத ஒன்றை நீங்கள் பறித்தீர்கள். தந்தவரிடமிருந்து அல்ல, நோன்பாளிகளிடமிருந்து.

எங்கள் ஊர் நிலவரம் ஒன்றைச் சொல்கிறேன். நாகூர் ஹனிஃபா என்று ஒரு பாடகர் இருந்தார். திமுக மேடைகளில் கட்சிப் பாட்டுப் பாடியவர், கட்சிக்காரர் என்பதை ஒருநாளும் மறைக்காதவர். சென்னையில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ரமலான் வந்தால் எங்கள் தெருக்களில் அவர் குரல் கேட்கும். அவர் கட்சிக்கு வாக்களிக்காத வீடுகளிலும் கேட்கும். 2015ல் இறந்தார், இன்றும் கேட்கிறது. இவருடைய அரசியல் எங்களுக்கு ஆகாது, இனி இவர் குரலில் நோன்பு திறக்காதீர்கள் என்று எங்களிடம் எவனாவது சொல்லியிருந்தால் சொன்னவனைத்தான் ஊர் ஒதுக்கியிருக்கும்.

என்னோடு வேலை செய்யும் ஈரானியர் ஒருவர் ஷீராஸ்காரர். ரமலானில் நாங்கள் மேடைக்குப் பின்னால், கேபிள் பெட்டிகளின் மேல் செய்தித்தாள் விரித்துச் சேர்ந்து நோன்பு திறப்போம். பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும் தன் செல்பேசியில் ரப்பனாவைப் போடுவார். பழைய கேசட்டிலிருந்து எடுத்த பதிவு, இரைச்சலோடு இருக்கும். அது முடிந்த பிறகுதான் பழம் வாய்க்குப் போகும். அவருக்கு ஷஜரியானின் அரசியலைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவருடைய தாய் சமையலறையில் அந்தக் குரல் வந்ததும்தான் ஆஷ் சூப்புச் சட்டியை இறக்குவாராம். தாய் இப்போதும் ஷீராஸில் இருக்கிறார். வானொலியில் அந்தக் குரல் போன பிறகு அவரும் செல்பேசியில்தான் கேட்கிறாராம். நல்ல மூலப் பதிவு உங்கள் காப்பகத்தில் இருக்க, ஒரு தாயும் மகனும் கடலுக்கு இருபுறமும் உட்கார்ந்து தேய்ந்த பதிவைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒலித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

2016 நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்தில் மழித்த தலையோடு வந்து, பதினைந்து ஆண்டுகளாக ஒரு விருந்தாளியோடு வாழ்கிறேன் என்று தன் புற்றுநோயை அறிவித்தார் ஷஜரியான். அப்போதும் நீங்கள் இளகவில்லை. 2020 அக்டோபர் 8 அன்று அவர் இறந்த மருத்துவமனை வாசலில் கூடியவர்கள் ‘மொர்கே சஹர்’ பாடினார்கள். அவர் கச்சேரிகளை முடித்துவைக்கும் பாட்டு அது. ஒலிபரப்பு நிறுவனத்தைக் கண்டித்தும் கோஷமிட்டார்கள். துக்கம் கேட்க வந்த கூட்டம் அந்த நேரத்திலும் உங்களைத்தான் நினைத்தது என்றால், அந்தக் காயம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். தூஸில் மகாகவி ஃபிர்தவ்ஸியின் அடக்கத்தலத்துக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்ய இடம் கொடுத்தீர்கள். அந்த மரியாதையைச் செய்ய முடிந்த உங்களால் வானொலியில் சில நிமிடம் கொடுக்க முடியாதா?

ஷஜரியான் ஆணாகப் பிறந்ததால் அவருக்கு மேடை பறிபோனது பிற்காலத்தில்தான். பெண்களுக்கு அது 1979லேயே போய்விட்டது. ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனியாகப் பாடக் கூடாது, கூட்டுக்குரலில் ஒருத்தியாக நிற்கலாம், அல்லது பெண்களுக்கு மட்டும் பாடலாம் என்பது உங்கள் விதி.

இங்கே ஒரு மேடைக்கு இஸ்ஃபஹானிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பெயரை எழுத மாட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும். வீட்டில் பிள்ளைகளுக்கு ரதீஃப் சொல்லிக்கொடுப்பவர், நம் ராகங்களைப் போன்ற ஏழு தஸ்த்காவும் மனப்பாடம். சவுண்ட் செக்கில் ஹுமாயூன் என்ற தஸ்த்காவில் இரண்டு அடி பாடினார். தன் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். மானிட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் மேடைக்கு ஓடினேன். கோளாறு இல்லை. இவ்வளவு பெரிய இடத்தில் தன் குரலை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஐம்பதைத் தொடும் வயது. மாலையில் அவருடைய தந்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் மேடையில் தனியாகப் பாடிப் பார்ப்பதற்கு அந்த முதியவர் பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறி, வேற்று நாட்டுக்கு வர வேண்டியிருந்தது. ஒரு தகப்பனுக்கு இதை ஏன் செய்தீர்கள்?

1924ல், டெஹ்ரான் லாலேஸார் வீதியில் இருந்த கிராண்ட் ஹோட்டலில், கமர்-உல்-முலூக் வஸீரி ஆண்கள் நிறைந்த அவையில் முக்காடின்றிப் பாடினார். சம்பாதித்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு 1959ல் வறுமையில் இறந்தார். அவருக்குப் பின் வந்த மர்ஸியே 1979க்குப் பிறகு மேடையில்லாமல் இருந்து, 1994ல் நாட்டை விட்டுப் போய், 2010ல் பாரீஸில் கண்மூடினார். 2024 டிசம்பரில் பாடகி பரஸ்தூ அஹ்மதி, கும் நகருக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் உள்ள தைர்-எ-கச்சின் பழைய சத்திரத்தில், எதிரில் ஒருவரும் இல்லாமல், காமிராவுக்கு முன்னால் பாடினார். அதற்கும் வழக்குப் போட்டார்கள். நூறாண்டில் முன்னே போன தூரத்தை விடப் பின்னே வந்த தூரம் அதிகம்.

இன்னொன்று, சின்ன விஷயம்போலத் தெரியும். உங்கள் தொலைக்காட்சியில் பாட்டு ஒலிக்கும், வாசிக்கும் கருவியைக் காட்ட மாட்டீர்கள். காமிரா பூவையோ அருவியையோ பார்க்கும். பல பத்தாண்டுகளாக இப்படித்தான். சந்தூர் எப்படி இருக்கும், அந்த மெல்லிய குச்சிகளை விரல்களுக்கு நடுவே எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கிராமத்துப் பிள்ளை உங்கள் தொலைக்காட்சியைப் பார்த்து அறிந்துகொள்ள முடியாது. குருவின் எதிரில் உட்கார்ந்து, பார்த்தும் கேட்டும் கற்கிற கலைக்கு இது பெரிய கேடு. யுனெஸ்கோவில் பெயர் எழுதி வைத்ததால் மட்டும் அது பிழைத்துக்கொள்ளாது.

மார்க்கத்தைக் காரணம் காட்டுவீர்கள். நானும் ஐவேளை தொழுகிறவன். இசை கூடுமா கூடாதா என்று எங்கள் ஊர் ஆலிம்களிடையிலும் கருத்து வேறுபாடு உண்டு, தெரியும். ஆனால் ரப்பனாவில் கருவியே இல்லை, வெறும் ஓதல். அதை நீங்கள் நிறுத்தியபோதே இந்த விவகாரம் மார்க்கத்தைப் பற்றியது அல்ல என்பது வெளிப்பட்டுவிட்டது.

ஆகவே கேட்கிறேன்.

ஒலிபரப்பு நிறுவனத்தாரே, வருகிற ரமலானின் முதல் நோன்பிலிருந்து ஷஜரியானின் ரப்பனாவை மஃரிப் பாங்குக்கு முன்னால், தேசிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்புங்கள். அஞ்சலி நிகழ்ச்சியில் ஒரு துண்டு, ஏதோ ஒரு மாகாண அலைவரிசையில் ஒரு நாள் என்று அல்ல. மாதம் முழுக்க, பழைய நேரத்தில், அவர் பெயரைச் சொல்லி. தடை எதுவும் இல்லை என்பதை எழுத்தில் அறிவியுங்கள், அடுத்து வருகிற அதிகாரி மனம்போனபடி மாற்றாமல் இருக்க.

உங்கள் காப்பகத்தில் உள்ள பழைய நாடாக்களை, பெண் பாடகர்களின் பதிவுகள் உட்பட, சுத்தம் செய்து பொதுமக்கள் கேட்கத் திறந்துவிடுங்கள். காந்த நாடா நம் வாக்குவாதம் முடியும்வரை காத்திருக்காது. பூச்சு உதிர ஆரம்பித்தால் உலகில் எந்தத் தொழில்நுட்பக்காரனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் உதிர்ந்த நாடாக்களைக் கையில் வைத்துப் பார்த்தவன். கருவிகளைத் திரையில் காட்டுங்கள்.

அமைச்சக அதிகாரிகளே, பெண்கள் தனிக்குரலில், பொது அவையில் பாட அனுமதி கொடுங்கள். பாடியதற்காகப் பெண்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறும்படி நீதித்துறையிடம் நீங்களே கேளுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒரு கச்சேரியை நகராட்சியோ காவல் துறையோ வேறு எவருமோ கடைசி நேரத்தில் நிறுத்த முடியாதபடி அந்தக் கையெழுத்துக்குச் சட்ட பலம் கொடுங்கள். அப்படி நிறுத்தினால் காரணத்தை எழுதித் தரவும், பாடகர் முதல் லாரி ஓட்டி வந்த தொழிலாளிவரை எல்லோருக்கும் நஷ்ட ஈடு தரவும் வேண்டும்.

ஹுமாயூனுக்கு ஆசாதி சதுக்கத்தில் இன்னொரு தேதி கொடுங்கள். தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள், மேடை கட்ட முழுதாக மூன்று நாள் விடுங்கள். அவ்வளவு பெரிய திறந்தவெளிக்கு ஒலி அமைக்க அதற்குக் குறைந்து ஆகாது.

இந்த மடலின் பாரசீக நகலை உங்கள் இரு அலுவலகங்களுக்கும் தனித்தனியே அனுப்புகிறேன். எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கீழக்கரையைச் சேர்ந்த ஓர் ஒலி அமைப்பாளர்,
துபாய்